கொள்ளளவு

"நான் சரியாத்தான் அளந்தேன்."

"நீ அளந்த லட்சணம்..."

"லட்சணத்தை அப்புறம் பாக்கலாம், முதல்ல நாலு லிட்டர் எங்க போச்சுன்னு..."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு! அன்னைக்குக் கொண்டது இன்னைக்குக் கொள்ளலைன்னா என்ன அர்த்தம்? பெட்டி வெயில்ல சுருங்கிடுச்சா?"

"குருணை உள்ள ஒட்டியிருக்கும்."

"நாலு லிட்டர் குருணை எங்கங்க ஒட்டும், உங்க மீசையிலயா?"

வேறொரு நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான். பன்னிரண்டு வருஷமாகப் பெண்டாட்டியின் வாய்க்குச் சிரிக்கிற மனுஷன் அவன். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்காக எடுத்தோம் என்று தெரியாதவன்போல அதே ஆணியில் திரும்ப மாட்டினான். பெட்டி குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் சிரிக்காததைத்தான் அவள் மனசு முதலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது.

வீட்டோடு ஒட்டிய கொட்டகைதான் இருவருக்கும் பட்டறை. ஒரு பாதியில் அவள் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பாள். மறுபாதியில் அவன் கார் டிக்கிக்குள் வைக்கிற சப்வூஃபர் என்ற அதிர்வு ஸ்பீக்கருக்குப் பெட்டிகள் செய்வான். சமையலறைக் கதவைத் திறந்தால் இந்தப் பக்கம் குழம்பு வாசம், அந்தப் பக்கம் ரெசின் நெடி. எது எந்தப் பக்கம் என்று மூக்குக்கே குழம்பிப்போகும்.

பெட்டி என்றால் வெறும் பெட்டி இல்லை. ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. காற்று கூடினால் சத்தம் தொளதொளத்துப் போகும், குறைந்தால் அடித்தொண்டை வராமல் தகர டப்பா மாதிரி கத்தும். சதுரப் பெட்டிக்கு அளவுகோலே போதும். சின்னக் காரில் சதுரத்துக்கு ஏது இடம்? டிக்கியின் மூலையில், சக்கரத்தின் மேட்டுக்குப் பக்கத்தில், வளைந்து நெளிந்து கிடக்கிற பள்ளத்துக்குத் தகுந்தபடி கண்ணாடி நாரும் ரெசினும் வைத்து வார்த்து எடுக்க வேண்டும். வளைந்த வயிற்றை எந்த அளவுகோல் அளக்கும்? அதனால் ஸ்பீக்கர் உட்காரும் வட்ட ஓட்டை வழியாகப் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டி நிரப்பி, பிறகு அதைத் தொட்டியில் கவிழ்த்து, லிட்டர் மக்கால் அளப்பார்கள். அளப்பது எப்போதும் அவள் வேலை. அவன் அளந்தால் தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வான் என்பது அவள் கட்சி. அதற்காகவே அவன் அவளுக்கு வைத்த பெயர் 'மேஸ்திரி'.

"கோபமா பேசாத, மேஸ்திரி," என்றான் இப்போது. "நாளைக்கு மறுபடி அளந்து பாரு."

"உள்ள இன்னொரு சுவர் வச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"உள்சுவர். அறை. உங்க அண்ணன் வச்சாரே, அந்த மாதிரி."

அவன் கொட்டகை ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போய் நின்றான்.

அவன் அண்ணனும் நல்ல கைக்காரர்தான். யாரோ கேட்டார்கள் என்று ஒரு வேனின் தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாத அறை ஒன்று செய்து கொடுத்தார். அதில் என்ன போனது, எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. பிடிபட்டபோது தெரியாது என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. சிறையிலிருந்து வந்தவர் இப்போது நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெற்ற பிள்ளைகள் கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை. 'நான் செய்யற எந்தப் பெட்டியிலயும் ஒளிவு மறைவு இருக்காது' என்று இவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியத்தின் மேல்தான் அவள் தூங்கி எழுந்துகொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் எது போனாலும் போகட்டும், இந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடக் கூடாது.

இந்த வேலை வந்த அன்றே அவளுக்குப் பிடிக்கவில்லை.

உச்சிவெயிலில் வெளிறிப்போன ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கினவர் நல்ல உயரம், நல்ல உடைதான். வாயைத் திறந்தார் பாருங்கள், தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு குரல்! அத்தனை பெரிய உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை.

"சளியா, இல்ல பொறக்கும்போதே பேட்டரி வீக்கா?" என்று அவள் கணவன் காதில் கிசுகிசுத்தாள். அவன் இருமுகிற மாதிரிச் சிரித்தான். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

வந்தவர் துணியில் சுற்றிய ஸ்பீக்கர் ஒன்றை மேசையில் வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல வைத்தார்.

"எந்த மாதிரிப் பாட்டு சார் கேப்பீங்க?" என்றான் அவள் கணவன். "அதுக்குத் தகுந்த மாதிரிப் பெட்டியை..."

"பாட்டெல்லாம் கேக்கறதில்லை."

"அப்போ?"

"உள்ள எவ்வளவு கொள்ளும்? அது மட்டும் சொல்லுங்க."

காரை விட்டுவிட்டு அவர் நடந்தே போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். "பாட்டுக் கேக்காதவருக்கு எதுக்குங்க பெட்டி? மொட்டைத்தலைக்குச் சீப்பு எதுக்கு?"

"செய்யறது நம்ம வேலை மேஸ்திரி. கேக்கறது, கேக்காதது அவங்க பாடு."

"எவ்வளவு கொள்ளும்னு கேக்கறாரே, எதைக் கொள்ள? இது எதையோ வச்சுக் கடத்தற பெட்டி. எழுதி வச்சுக்கோங்க."

அவன் கேட்கவில்லை. அவளும் விடவில்லை. அவன் பெட்டியின் மரச்சட்டத்தை அறைந்து முடித்து, அதன்மேல் இழுத்துக் கட்டுவதற்குப் பனியன் துணி கேட்டான். எப்போதும் அவள்தான் கொடுப்பாள். இழுத்துக் கட்டிய துணியின்மேல் ரெசினை ஊற்றினால் அது ஊறிக் கல்லாகும்; அதுதான் பெட்டியின் மேல்தோல். துணிச்சுருள் தையல் மெஷினுக்கு அடியிலேயே இருந்தது. அதன்மேல் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, "தீர்ந்து போச்சு" என்றாள். துணி இல்லாவிட்டால் வேலை நிற்கும், வேலை நின்றால் அந்த ஆள் வேறு பட்டறையைப் பார்த்துக்கொண்டு போவார் என்பது அவள் எண்ணம்.

"உன் துணி நீயே வச்சுக்கோ தாயே," என்று அவன் அங்கேயே, போட்டிருந்த சாம்பல்நிறப் பனியனைக் கழற்றினான். வியர்வை காயாத பனியன். அதைச் சட்டத்தின்மேல் போர்த்தி, கழுத்து ஓட்டை ஸ்பீக்கர் வட்டத்துக்கு நேராக வருகிற மாதிரி இழுத்து, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்தான். கைத்துளைகள் இரண்டும் பக்கவாட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அது அவள் கண்ணை உறுத்தியது. தையல்காரியின் கை சும்மா இருக்குமா? சண்டை சண்டையாக இருக்கும்போதே ஊசியை எடுத்து வந்து, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு துளைகளையும் அவளே இறுக்கித் தைத்து மூடினாள்.

ரெசின் ஊற்றியபோது பனியன் கருத்தது. பிறகு தேன்நிறமாயிற்று. பிறகு சூடேறிக் கெட்டிப்பட்டது.

அந்த ஆள் நடுவில் ஒரு தடவை வந்து பார்த்தார். பெட்டியைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, "துணி யாருது?" என்று கேட்டார்.

"என்னுதுதான் சார். பழசு. ஆனா உறுதியா நிக்கும்."

"போட்டிருந்ததா?"

"ஆமா."

"அப்போ சரி," என்றது அந்த வண்டுக்குரல். "நிறைஞ்சதும் வந்து எடுத்துக்கறேன்."

நிறைந்ததும். செய்து முடித்ததும் என்று சொல்லவில்லை. அவள் அதையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

முதல் அளவு சரியாக இருந்தது. அதன் பிறகு அவன் தினமும் ஓட்டை வழியாக வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, மூலைமுடுக்கெல்லாம் பிரஷ்ஷால் ரெசின் தடவினான். காற்றுக் கசியாமல் இருக்க அது எப்போதும் செய்கிற வேலைதான். எப்போதும் ஒரு நாளில் முடிகிற வேலை. இந்தப் பெட்டிக்கு மட்டும் முடியவே இல்லை. கன்னத்தைப் பெட்டியின்மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே யாருக்கோ முதுகு தேய்த்துவிடுகிறவன்போலத் தடவிக்கொண்டே நின்றான். அவள் வருகிற சத்தம் கேட்டால் கையை வெளியே எடுத்துவிட்டு, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

முழுக்கைச் சட்டை. இந்தப் புழுக்கத்தில்.

"என்னங்க, மாப்பிள்ளை மாதிரி?"

"நார் குத்துது."

காபி டம்ளரை இடது கையால் வாங்கினான். சாப்பாட்டைப் பிசையாமல் ஸ்பூன் கேட்டான். ஸ்பூனும் இடது கையில்.

மடியில் கனம் இல்லாதவன் எதற்கு வழியில் பயப்படுகிறான்? அறைதான் வைக்கிறான், கையில் ஏதோ காயம், காயத்தைக் காட்டினால் எங்கே பட்டது என்று கேட்பேன், அதனால் மறைக்கிறான். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். கணக்கு எல்லாப் பக்கமும் ஒத்துப்போனது. ஒரே ஒரு பக்கம் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அவன் குரல்.

அவன் குரல் கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குப் பிடித்துப்போன குரல். கொட்டகையிலிருந்து 'மேஸ்திரி' என்று கூப்பிட்டால் சமையலறையில் பாத்திர மூடிகள் லேசாக நடுங்கும். 'உங்க தொண்டையிலேயே ஒண்ணு மாட்டி வச்சிருக்கீங்க, தனியா எதுக்குப் பெட்டி' என்று கேலி செய்வாள். இந்தச் சில நாட்களில் அந்தக் குரலின் அடிப்பக்கம் கரைந்துகொண்டு வந்தது. முதலில் கட்டின தொண்டை மாதிரி இருந்தது. பிறகு பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி. நேற்று அவன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ரெசின் புகை," என்றான். "முகமூடி போடணும்."

சண்டைக்கு மறுநாள் மத்தியானமே மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஸ்க்ரூ வாங்கி வருகிறேன் என்று அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். அவள் ஜன்னலில் நின்று அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தாள். குடை காற்றில் இழுத்தபோது குடையோடு அவனும் இரண்டடி பக்கவாட்டில் போனது மாதிரி இருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கொட்டகைக்குள் போய் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டாள்.

பெட்டி மேசைமேல் கிடந்தது. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, கார்ப்பெட் ஒட்டவில்லை. தேன்நிறத்தில், ஒரு பக்கம் புடைத்து ஒரு பக்கம் குழிந்து, குளிருக்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவனின் முதுகுபோல இருந்தது. டிக்கியின் பள்ளம் அப்படி, அதனால் பெட்டியும் அப்படி. இத்தனை நாள் பார்த்தும் அவளுக்கு அந்த உவமை தோன்றியதில்லை. இப்போது தோன்றியதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

குருணையைக் கொட்டினாள். தகரக் கூரையில் மழையும் பெட்டிக்குள் குருணையும் ஒரே ஓசையில் விழுந்தன. பாதி மூட்டை போவதற்குள் ஓட்டையின் விளிம்பில் குருணை தளும்பி நின்றது.

அவ்வளவுதானா?

உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். கவிழ்த்தாள். அளந்தாள். நேற்றைய அளவில் பாதிகூட இல்லை. நேற்று சாயங்காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இத்தனை பெரிய அறையை ஓட்டை வழியாக ஒரு கையை விட்டு எவனால் கட்ட முடியும்?

வெளியே நாடாவை வைத்து அளந்தாள். வெளி அளவு மாறவில்லை. சரி, அப்படியானால் உள்ளேதான். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையை ஓட்டைக்குள் விட்டாள்.

கண்ணாடி நாரின் உட்புறம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொரசொரவென்று, கம்பி முடி மாதிரி குத்தும். இரண்டு நாளைக்கு அரிக்கும். விரல் போய்ச் சுவரைத் தொட்டது.

குத்தவில்லை.

முடிதான். ஆனால் மெல்லிய முடி. ஒரே திசையில் படிந்த முடி. அதன்கீழ் வழவழப்பு. வெதுவெதுப்பு. ரெசின் இறுகும்போது சூடாகும், உண்மைதான். இறுகி எத்தனையோ நாளாயிற்றே.

விரலை நகர்த்தினாள். ஒரு மேடு. பிறகு ஒரு குழி. குழியில் ஏதோ சின்னதாகத் துடித்தது. நின்றது. துடித்தது.

கையை உருவிக்கொண்டாள். நைலான் கயிறு உரசின மாதிரித் தோள் எரிந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். ரெசின் நெடியே இல்லை. அவன் வியர்வை வாசம். அவன் கழுத்து வாசம்.

'அவர் கைதானே தினமும் உள்ள போகுது, வாசம் இருக்காதா' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் கொட்டகையில் யாரோ சொன்னதுபோல இருந்தது.

ஓடிப்போயிருக்கலாம். சமையலறைக் கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் சந்தேகம் என்பது பல்லில் சிக்கின நார், எடுக்கிறவரை நாக்கு அங்கேயேதான் போகும். பெயின்ட் அடிக்காத ஃபைபரில் வெளிச்சம் ஊடுருவும். உள்ளே விளக்கை விட்டால் எங்கே தடிமன், எங்கே மெலிசு, எங்கே இரட்டைச் சுவர் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். இது அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. வேலை விளக்கை எடுத்து, வயரைப் பிடித்து, ஓட்டைக்குள் மெதுவாக இறக்கினாள். கொட்டகை விளக்கை அணைத்தாள்.

பெட்டி விளக்குபோல எரிந்தது. கொட்டகை முழுக்கத் தேன்நிற வெளிச்சம். பனியனின் இழை ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் தைத்து மூடிய இரண்டு கைத்துளைகளும் இரண்டு கறுப்புத் தழும்புகளாகத் தெரிந்தன.

இரட்டைச் சுவர் இல்லை. அறை இல்லை. அவன் சத்தியம் தவறவில்லை.

நிழல் இருந்தது.

முழங்கால் மடங்கியிருந்தது. அதன்மேல் குனிந்த தோள். தோளிலிருந்து ஒரு வலது கை, தெளிவாக, மணிக்கட்டுவரை, விரல்வரை. மற்றதெல்லாம் மங்கல், இன்னும் ஊற்றி முடிக்காத வார்ப்பு மாதிரி. தலை இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. தாடை. கழுத்து. கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது.

விளக்கு ஆடவில்லை. வயர் ஆடவில்லை.

விரல்கள் விரிந்தன.

ஷட்டர் கரகரவென்று தூக்கப்பட்டது. அவள் கத்தினாள். மழை வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் கணவன் குனிந்து உள்ளே வந்தான். எரியும் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பாத்துட்டியா மேஸ்திரி?"

தகர டப்பாவுக்குள் வண்டு.

"சட்டையைக் கழட்டுங்க."

"வேண்டாம்."

"கழட்டுங்கங்கறேன்!"

"பயந்துடுவ."

"பயந்தாச்சு. இனி புதுசா என்ன?"

பாய்ந்து அவன் வலது சட்டைக் கையைப் பிடித்தாள். உள்ளே கை இருந்தது. மணிக்கட்டு இருந்தது, ஐந்து விரலும் இருந்தன. கனம் மட்டும் இல்லை. உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டு வைத்த முட்டை ஓட்டைப் பிடித்தது மாதிரி, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நொறுங்கிவிடும்போல இருந்தது. அவள் பிடியைத் தளர்த்தினாள்.

"வலிக்கல மேஸ்திரி," என்றான். "அதான் பயமா இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள் உள்ள தடவினேனே, அன்னையிலேர்ந்து. அது இழுக்கல. நான்தான்... வழிஞ்சு போற மாதிரி. கையை எடுத்துக்கணும்னு தோணல. நேத்து ராத்திரி கையை விடக்கூட இல்லை. நீ பக்கத்துல தூங்கிட்டுதான் இருந்த. படுத்த இடத்திலேர்ந்தே போயிட்டே இருந்தேன்."

"பாவி மனுஷா, ஏன் சொல்லல? நான் என்னென்னவோ... உங்க அண்ணன் மாதிரி..."

"சொன்னா நீ பெட்டியை உடைச்சிருப்ப. உடைச்சா உள்ள போனது எனக்குத் திரும்பி வருமா, இல்ல தரையில கொட்டிப் போயிடுமான்னு எனக்கு..."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் திகைத்துத் தொண்டையைத் தொட்டுக்கொண்டான். மறுபடி உதட்டை அசைத்தான்.

"...தெரியல," என்றது மேசைமேல் கிடந்த பெட்டி.

கனமான குரல். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். அவள் முதுகெலும்பில் அது கைவைத்தது மாதிரி இருந்தது. சமையலறையில் பாத்திர மூடிகள் நடுங்கின.

அவள் திரும்பவில்லை. கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகத் துழாவி, மேசை ஓரத்தில் கிடந்த சுத்தியலை எடுத்தாள்.

"உடை மேஸ்திரி," என்றது பின்னாலிருந்து குரல். "சீக்கிரம். உள்ள மூச்சு முட்டுது."

எதிரில் நின்றவன் வேகமாகத் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம்.

குரல் அவனுடையது. முகமும் அவனுடையது. எது பேசினாலும் அவன்தான் பேசுகிறான் என்பதற்கு யார் சாட்சி? பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் பழகின வேலையைச் செய்தது. பெட்டி கெட்டியா, பொள்ளலா என்று விரல்முட்டியால் தட்டிப் பார்க்கிற அதே வேலை. ஒரு முட்டியை நீட்டி அவன் நெஞ்சில் தட்டினாள்.

டொக்.

காலிப் பெட்டி.

திரும்பிப் பெட்டியில் தட்டினாள். ஓசையே இல்லை. சதையில் பட்டதுபோல முட்டி அமிழ்ந்து நின்றது.

அவள் மறுபடி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்த வெளிச்சம் அவனைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. அவன் வழியாகவே வந்தது. கன்னம் தேன்நிறமாயிற்று. நெற்றி தேன்நிறமாயிற்று. கன்னத்திலும் நெற்றியிலும் மூடிய உதட்டிலும், வலைவலையாக, பனியன் துணியின் இழை ஓடியது. கண் மட்டும் இன்னும் அவளைப் பார்த்தது. அதில் தண்ணீர் திரண்டு, வழிய ஆரம்பித்து, பாதிக் கன்னத்திலேயே கெட்டிப்பட்டு நின்றது.

பெட்டிக்குள் விளக்கு தானாக அணைந்தது. உள்ளே வெளிச்சத்துக்குக்கூட இனி இடம் இல்லை. குரலும் நின்றுவிட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள், இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா தெரியவில்லை.

அவள் சுத்தியலை ஓங்கினாள். இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

"சொல்லுங்க... ஏதாவது ஒரு பக்கத்திலேர்ந்து சொல்லுங்க... இப்ப நீங்க எதுல அதிகமா இருக்கீங்க?"